பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுத்த கதை: உங்கள் வீட்டில் எப்படி?

ஃப்ரீமாண்ட் அம்மா

பிப்ரவரியில் பாடத் தேர்வுப் படிவம் வந்ததுமே எங்கள் வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. ஏபி கால்குலஸ், ஏபி ஃபிசிக்ஸ், ஏபி இங்கிலீஷ், ஏபி கவர்ன்மென்ட், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கிற இந்த ஏபி பாடங்களில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மிச்சமிருந்த இடத்தில் மகள் செராமிக்ஸ் (களிமண் கலை) என்று எழுதியிருந்தாள், அவள் அப்பா அதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே ஏபி சைக்காலஜி என்று எழுதினார். மண்ணைப் பிசைந்தால் யூசியில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில்) இடம் கொடுப்பானா, ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) ஏற வேண்டாமா என்பது அவர் கட்சி.

சரி, பள்ளி கவுன்சலரிடமே கேட்போம் என்று போனோம். அந்தம்மா படிவத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யூசி போடுகிற ஜிபிஏ கணக்கில் பத்தாவது, பதினோராவது மதிப்பெண்தான் வரும், பன்னிரண்டாவது அதில் சேராது என்றார். ஏபிக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளிக்கும் எட்டு செமஸ்டர்தான் உச்சவரம்பு. "பரீட்சை மார்க் உதவுமே" என்று இவர் விடவில்லை. ஏபி பரீட்சை மே மாதம், மதிப்பெண் வருவது ஜூலையில், கல்லூரிகள் முடிவு சொல்வதோ பெரும்பாலும் மார்ச் கடைசிக்குள்!

அப்புறம் கவுன்சலர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். யூசி கேட்கிற பாடங்களில் ஒரு வருடக் கலைப் பாடமும் உண்டு, இவளுக்கு அந்தக் கட்டம் மட்டும் காலி. அதாவது இவர் அடித்த அந்த ஒரு பாடம்தான் கட்டாயம் வேண்டியது. மகள் ஒன்றும் சொல்லவில்லை, காரில் ஏறும்வரை.

காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம் வழியாகப் போடும் கல்லூரிகளுக்கு, அந்தப் பள்ளியில் கிடைக்கும் பாடங்களோடு ஒப்பிட்டால் இந்தப் பிள்ளை எடுத்தது எவ்வளவு கடினம் என்று கவுன்சலர் ஒரு டிக் போட வேண்டுமாம். "இருக்கிற நாலே அதற்குப் போதும், ஐந்தாவதாகச் சைக்காலஜி வந்து என் டிக் மாறப்போவதில்லை" என்றார்.

டல்லாஸ்வாசி

எங்கள் டெக்சாஸில் ஜிபிஏவைவிட வகுப்பு ரேங்க்தான் பேச்சு. முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று 1997இல் சட்டம் போட்டார்கள், ஆனால் யூடி ஆஸ்டினுக்கு (ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்) மட்டும் அது இப்போது 5 சதவீதம். ஏபி பாடத்துக்கு எடை அதிகம் என்பதால், ஆர்கெஸ்ட்ராவில் ஏ வாங்கினாலும் சராசரி இறங்கும், கொடுமைதான். இங்கே பல பிள்ளைகள் வயலினை மூட்டை கட்டுவது இதனால்தான். என் பையன் விடமாட்டேன் என்று நின்றான். விண்ணப்பத்தோடு போகிற ரேங்க் பதினோராவது முடிவில் உள்ளதுதான் என்று தெரிந்ததும் நானும் வாயை மூடிக்கொண்டேன். கடைசி வருடத்தில் வாசித்துவிட்டுப் போகட்டுமே.

சான்டியாகோ சித்தி

இதையெல்லாம் படித்துவிட்டு, பன்னிரண்டாவதில் சும்மா இருக்கலாம் என்று யாராவது பிள்ளைகளிடம் சொல்லிவைக்காதீர்கள். என் அக்கா பையனுக்கு நல்ல யூசி ஒன்றில் இடம் கிடைத்தது. அப்புறம் ஐயா புத்தகத்தையே திறக்கவில்லை, கடைசி செமஸ்டரில் கால்குலஸில் டி. இறுதி மதிப்பெண் பட்டியல் போன கையோடு விளக்கம் கேட்டுக் கடிதம். டி மட்டுமல்ல, எல்லாவற்றிலும் சி வாங்கினாலும் தலைவலி வரலாம், கடைசி வருடச் சராசரி 3.0க்குக் (அதாவது பி) குறையக் கூடாது என்று பல யூசி வளாகங்கள் நிபந்தனை வைக்கின்றன. கோடை முழுக்கக் கம்யூனிட்டி காலேஜில் திரும்பப் படித்துத் தேறிக் காட்டித்தான் உள்ளே போனான்.

இன்னொன்று, விண்ணப்பத்தில் எழுதிய பாடத்தை நடுவில் விட்டாலும் யூசிக்குச் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் கஷ்டமாக இருக்கிறது என்று ஃபிசிக்ஸை நைசாகக் கழற்றிவிட முடியாது. ஃப்ரீமாண்ட் அம்மா, அந்த செராமிக்ஸ் உங்கள் பள்ளிக்கான யூசி அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பள்ளிக்குப் பள்ளி மாறும்.