எழுதப் படிக்கத் தெரியாதவரும் பொறியாளரும் ஒரே ஆங்கில வகுப்பில்: எப்படிச் சமாளிப்பது?

மாலைவகுப்பு (கேள்வி)

வணக்கம். பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாலை வகுப்பைத் தன்னார்வமாக எடுத்திருக்கிறேன். ஆசிரியப் பயிற்சி எதுவும் கிடையாது, கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். எனக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான் என்பதால், ‘அவர்கள் படும் பாடு உங்களுக்குப் புரியும்’ என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சேரும்போது ஒரு சின்ன நேர்காணல், ஒரு பயிற்சித்தாள். அதை வைத்து எல்லாரையும் ‘தொடக்க நிலை’ என்று எழுதி என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. சிலரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அரபு பேசும் பொறியாளர் ஒருவர். தன் துறைச் சொற்கள் எல்லாம் தெரியும். எழுதினால் ‘ஹாஸ்பிட்டல்’ என்ற சொல்லில் உயிரெழுத்துகள் பாதி காணாமல் போய்விடும். ஸ்பானிஷ் பேசும் அம்மா ஒருவர் கலகலவென்று பேசுவார். எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். சீன இளைஞர் ஒருவர் இலக்கணத் தாளில் ஒரு பிழை விடமாட்டார், வாய் மட்டும் திறக்கமாட்டார். சோமாலி பேசும் வயதான பெண்மணி ஒருவர் பள்ளிக்கூடமே போனதில்லை, சொந்த மொழியிலும் எழுத்து தெரியாது. போதாததற்கு நம் தமிழர் ஒருவர். எல்லாவற்றையும் என்னிடம் தமிழில் கேட்கிறார், மற்றவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

பாடப்புத்தகத்தைத் திறந்தால் பாதிப் பேருக்குக் கொட்டாவி, பாதிப் பேருக்குப் பயம். இவர்களைக் குழுவாகப் பிரிக்க வேண்டுமா? பிழைகளை எவ்வளவு திருத்துவது? தமிழில் விளக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை

முதல் வேலையாக அந்த ‘தொடக்க நிலை’ முத்திரையைக் கிழித்துப் போடுங்கள். கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது நான்கும் சேர்ந்து வளர்வதில்லை. மொழித் திறனை அளக்க ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட, ஏ1 (அடிப்படி) முதல் சி2 (உச்சி) வரையான ஆறு நிலைகளை எல்லாரும் மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். அதிலேயே ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனி விவரிப்பு இருப்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஸ்பானிஷ் அம்மா கேட்பதில் பி1 ஆக இருக்கலாம், எழுதுவதில் ஏ1 ஆக இருக்கலாம். நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எண் வேண்டாம், ‘நாள், நேரம் கேட்டால் புரிகிறது’ என்பது போல அவரால் முடிகிற ஒரு காரியத்தை எழுதினால் போதும்.

சோமாலி பெண்மணியை ‘ஆங்கிலத்தில் வீக்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மற்றவர்களுக்கு ஒரு வேலை, அவருக்கு இரண்டு வேலை. ஒன்று ஆங்கிலம். இன்னொன்று, பேச்சை எழுத்தாகப் பிடித்து வைக்கலாம் என்ற வித்தையே. பென்சிலை எப்படிப் பிடிப்பது, வரி எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறது, நடுவில் இடைவெளி விட்டால் ஒரு சொல் முடிந்தது என்று அர்த்தம், இதெல்லாம் நமக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டதால் பாடமாகவே தெரிவதில்லை. அவருக்கு ஒவ்வொன்றும் பாடம். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: சோமாலி மொழிக்கு 1972இலிருந்து லத்தீன் எழுத்துதான் அதிகாரபூர்வ எழுத்து. நீங்கள் கற்றுத்தரும் எழுத்து அவருடைய சொந்த மொழிக்கும் உதவும், ஒலி சில இடங்களில் மாறும் என்றாலும். இதை அவரிடம் சொல்லுங்கள்.

அவருக்கு அச்சிட்ட பாடம் இப்போதைக்கு வேண்டாம். அவரைப் பேசவிடுங்கள், இரண்டு வாக்கியம் போதும். அவர் சொன்னதைச் சொன்னபடியே பெரிய எழுத்தில் எழுதி, விரல் வைத்துக் காட்டி, அவரையே படிக்கச் சொல்லுங்கள். பொருள் ஏற்கெனவே தெரிந்ததால் மூளை முழுக்க எழுத்தின் மேல் போகும். ‘மை சன் கோ ஸ்கூல்’ என்று சொன்னால் அப்படியே எழுதுவதா, திருத்தி எழுதுவதா என்று ஆசிரியர்களுக்குள் சண்டை உண்டு. நான் அப்படியே எழுது என்கிற கட்சி. வாய் சொன்னது ஒன்று, கண் பார்ப்பது வேறொன்று என்றால் முதல் வாரத்திலேயே அவருக்கு எழுத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். இலக்கணம் எங்கே ஓடிவிடப் போகிறது?

குழுவாகப் பிரித்து நான்கு பாடம் தயாரித்தால் ஒரு மாதத்தில் நீங்கள் படுத்துவிடுவீர்கள். பாடம் ஒன்றே இருக்கட்டும், வேலையை மாற்றுங்கள். ஒரு குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்வோம்:

‘யுவர் அப்பாயிண்ட்மென்ட் ஹேஸ் பீன் மூவ்ட் ஃப்ரம் டியூஸ்டே டு தர்ஸ்டே அட் டென் தர்ட்டி.’

எல்லாருக்கும் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள், இரண்டு தடவை. சோமாலி பெண்மணி முன்னால் செவ்வாய், வியாழன் இரண்டுக்கும் ஆங்கிலப் பெயர் எழுதிய இரண்டு அட்டை. எந்த நாளில் போக வேண்டுமோ அந்த அட்டையை அவர் எடுக்க வேண்டும். இரண்டும் ‘டி’ எழுத்தில்தான் தொடங்குகின்றன, அதனால் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது, இரண்டாம் எழுத்துக்குக் கண்ணை நகர்த்தியே ஆக வேண்டும். அந்த ஒரு நகர்வுதான் அன்றைக்கு அவருடைய பாடம். பொறியாளருக்கு அதே செய்தியில் உயிரெழுத்துகளை எல்லாம் எடுத்துவிட்டுக் கோடு போட்டுக் கொடுங்கள். அவருடைய பிழைக்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. அன்றாட அரபு எழுத்தில் குறில் உயிர்களை எழுதுவதில்லை, மெய்களைப் பார்த்தே படித்துப் பழகிய கண் அது. ஸ்பானிஷ் அம்மா, தனக்கு வியாழன் வசதிப்படாது என்று தொலைபேசியில் சொல்வதுபோலப் பேசட்டும். பேசி முடித்ததும் தான் பேசியதில் இரண்டே வரியை எழுதட்டும். மறுமுனையில் யார்? சீன இளைஞர். எந்த நாள் எந்த நேரம் காலி என்ற தாள் அவர் கையில் மட்டும்தான் இருக்கும். அவர் சொல்லாவிட்டால் அம்மாவின் வேலை நகராது. ‘பேசுங்கள்’ என்று கெஞ்சுவதைவிட இது பலிக்கும்.

அப்புறம், நன்றாகத் தெரிந்தவரை எப்போதும் தெரியாதவர் பக்கத்திலேயே உட்காரவைக்காதீர்கள். சம்பளம் இல்லாத துணை ஆசிரியராகவே அவர் காலத்தை ஓட்டிவிடுவார். அவரும் படிக்கத்தான் வந்திருக்கிறார்.

நாநுனி

கரும்பலகை ஐயா சொன்னதோடு உச்சரிப்பையும் சேர்க்கிறேன், என் பாடு அதில்தான்.

உங்கள் பொறியாளர் பூங்காவுக்கான ‘பார்க்’கைச் சொன்னால் நாய் குரைக்கும் ‘பார்க்’ வந்து விழுமே, கவனித்தீர்களா? அரபில் வல்லோசை ‘பீ’ தனி ஒலியாக இல்லை. (தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், ஆகவே நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம்.) ஒரு மெல்லிய தாள் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். பூங்காவைச் சரியாகச் சொன்னால் காற்று பட்டுத் தாள் துள்ளும், குரைப்பதைச் சொன்னால் பெரும்பாலும் அசையாது. ‘சரி, தப்பு’ என்று நீங்கள் சொல்லத் தேவையே இல்லை, தாள் சொல்லிவிடும். நம் தமிழரையும் அதே தாளோடு உட்காரவையுங்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லோசைகளில் அந்த மூச்சை நாமும் விடுவதில்லை, கேட்பவர் காதில் வேறு சொல்லாக விழும்.

ஸ்பானிஷ் பேசுபவர்கள் ‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னால் ஒரு ‘எ’ போடுவார்கள். முதலில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிப் பிடிக்கவைத்து, விடாமலே மீதியைச் சொல்லவையுங்கள்.

‘திங்க்’ என்ற சொல்லின் முதல் ஒலிக்காக நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து அரைமணி நேரம் வதைப்பார்கள் சில ஆசிரியர்கள். வேண்டவே வேண்டாம். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர் 2000ஆம் ஆண்டு வாக்கில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எது புரிதலைக் கெடுக்கிறது, எது கெடுக்கவில்லை என்று ஆராய்ந்து எழுதினார். இந்த ஒலி அவருடைய அவசியப் பட்டியலில் இல்லை. நெடில் குறில் வேறுபாடும், நான் சொன்ன அந்த மூச்சும் இருக்கின்றன. இருக்கிற நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

இரட்டைக்கோடு

தமிழில் விளக்கவே கூடாது என்பது என் கருத்து. ஒருவருக்கு மட்டும் ஆசிரியரின் தாய்மொழியில் விளக்கம் கிடைத்தால் மற்றவர்கள் ‘நமக்கு யார் இருக்கிறார்கள்’ என்று நினைக்கமாட்டார்களா? வகுப்பு வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கரும்பலகை

இரட்டைக்கோடு சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். உங்கள் வாயிலிருந்து தமிழ் வரக்கூடாது, அது பாரபட்சம். ஆனால் அவர்கள் தலைக்குள்ளும் நோட்டுக்குள்ளும் தாய்மொழி இருப்பதைத் தடுக்க நாம் யார்? எந்தப் பாடத்துக்கும் முன்னால் இரண்டு நிமிடம் கொடுங்கள். சொல்ல வேண்டியதை அவரவர் மொழியில் யோசிக்கலாம், பக்கத்தில் தன் மொழிக்காரர் இருந்தால் பேசலாம், எழுதத் தெரிந்தவர் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம், எழுதத் தெரியாதவர் கைபேசியில் குரலாகப் பதிந்துகொள்ளலாம். எல்லாருக்கும் ஒரே சலுகை. தமிழருக்கு வகுப்பு முடிந்து கதவுக்கு வெளியே பதில் சொல்லுங்கள்.

பிழை திருத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் ‘ஷி கோ’ என்பார், நீங்கள் ‘ஆமாம், ஷி கோஸ்’ என்று நயமாகத் திருப்பிச் சொல்வீர்கள், அவர் நீங்கள் ஆமோதித்ததாக நினைத்து அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார். லிஸ்டர், ராண்டா என்ற ஆய்வாளர்கள் இருவரும் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து 1997இல் எழுதியது இதைத்தான்: ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட வழி இந்தத் திருப்பிச் சொல்லல், மாணவர் தானாகத் திருத்திக்கொள்ள மிகக் குறைவாக உதவியதும் அதுவே. ‘ஷி...?’ என்று நிறுத்திப் புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். தெரிந்தவர் திருத்திக்கொள்வார். திருத்தவில்லை என்றால் அது இன்னும் அவருக்கு வரவில்லை, விட்டுவிடுங்கள். அந்தக் கடைசி ‘எஸ்’ விதி பாடப்புத்தகத்தில் முதல் சில பக்கங்களில் வரும், பேச்சில் கடைசியாக ஒட்டிக்கொள்ளும் சங்கதிகளில் ஒன்று. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வகைப் பிழை, அன்றைய பாடத்தோடு தொடர்புள்ளது. மற்றதெல்லாம் காதில் விழாத மாதிரி இருங்கள். கணக்கு வேலை பார்ப்பவருக்கு இது கஷ்டம்தான்!

மாலைவகுப்பு

எல்லாருக்கும் நன்றி. குறுஞ்செய்திப் பாடத்தை அப்படியே நடத்தினேன். சோமாலி அம்மா வியாழன் அட்டையை எடுத்துவிட்டு, அந்த இரண்டாம் எழுத்தின் மேல் விரலை வைத்து எனக்கே காட்டினார். பொறியாளர் தாளை வைத்துப் பூங்கா, குரைப்பு என்று ஊதி ஊதி விளையாடியதில் வகுப்பே கலகலத்தது.

இரண்டு சந்தேகம். சீன இளைஞர் பதில் சொன்னார், ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நீண்ட மௌனம். ஸ்பானிஷ் அம்மா பொறுக்காமல் அவரே பதிலையும் சொல்லிவிடுகிறார். இரண்டாவது, சோமாலி அம்மா தாளை ரொம்பத் தள்ளிப் பிடித்துத்தான் பார்க்கிறார். எழுத்து பழகாததாலா?

கரும்பலகை

மௌனத்தை நிரப்பாதீர்கள், அந்த அம்மாவையும் நிரப்ப விடாதீர்கள். மேரி பட் ரோ என்பவர் 1970களில் அறிவியல் வகுப்புகளில் அளந்து பார்த்தார்: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். 3 நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். அதுவும் தாய்மொழியில் படிப்பவர்கள். இன்னொரு மொழியில் வாக்கியம் கோக்கிறவருக்கு அதைவிட நிறைய வேண்டும். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ‘முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு நிமிடம் கழித்துக் கேட்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனால் இன்னும் நல்லது, எழுத்துதான் அவருடைய பலம். அந்த அம்மாவிடம் நேரம் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். கையில் கடிகாரம் இருந்தால் வாய் சற்று அடங்கும்.

இரண்டாவதுக்கு எழுத்தைக் குற்றம் சொல்லும் முன் கண்ணைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பொருள் மங்குவது எல்லாருக்கும் வருவது. இதுவரை படிக்கத் தேவையே இல்லாதவருக்குத் தன் கண்ணில் குறை இருப்பது எப்படித் தெரியும்? இப்போதைக்கு அவருடைய தாள்களை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக அச்சிடுங்கள், வெளிச்சம் விழும் பக்கம் உட்காரவையுங்கள். கண் பரிசோதனைக்கு நாள் வாங்கும் தொலைபேசி உரையாடலையே அடுத்த வாரப் பாடமாக வைத்தால் அவருக்கும் ஆகும், வகுப்புக்கும் ஆகும்.

மாலைவகுப்பு

வைக்கிறேன் ஐயா. இந்த முறை தொலைபேசியில் பேசப்போவது பொறியாளர், நாள் சொல்லப்போவது நம் தமிழர்.