அவசரம்: அப்பா சொத்துக் கணக்கை அண்ணன் மறைக்கிறார், கோர்ட் அவமதிப்பு போடலாமா?

உப்பூர்_கரை: கோர்ட் ஆர்டர் வந்து 8 மாசம். அண்ணன் இன்னும் அப்பா சொத்துக் கணக்கைக் காட்டல. படகு, டெபாசிட் எல்லாத்தையும் மறைக்கிறார். அவமதிப்பு மனு எங்கே போடணும்? நாளைக்கு வக்கீலைப் பார்க்கிறேன், சீக்கிரம் சொல்லுங்க.

தொண்டிக்காற்று: எந்த கோர்ட், என்ன ஆர்டர்? பாகப்பிரிவினை வழக்கா, வேற ஏதாவதா? உயில் இருக்கா? உத்தரவு நகல் அண்ணன் கைக்குப் போச்சா?

பாம்பன்_அலை: நேரா உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போங்க. 1971 அவமதிப்புச் சட்டம் பிரிவு 10, கீழ்க்கோர்ட் உத்தரவை மீறினாலும் உயர் நீதிமன்றம் விசாரிக்கும். 6 மாசம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஒரு வருஷம் தாண்டினா பிரிவு 20 தடுக்கும்.

வழக்காடி: பிரிவு நம்பரைப் பார்த்ததும் ஓடக்கூடாது தம்பி, அடிப்படையைப் படிச்சுட்டு வாங்க. இன்ன தேதிக்குள்ள இன்னதைத் தாக்கல் செய்னு தெளிவான உத்தரவு வேணும். அதை வேணும்னே மீறினார்னு நிரூபிக்கணும். பாகப்பிரிவினைன்னா சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 11 விதி 12-ல சத்தியப் பிரமாணத்தோட ஆவணப் பட்டியல் கேட்கலாம். கொடுக்கலைன்னா விதி 21-ல எதிர்வாதத்தையே தள்ளிடலாம்.

உப்பூர்_கரை: லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது இறந்தவர் சொத்தை நிர்வகிக்க கோர்ட் தர்ற அதிகாரம். ஜில்லா கோர்ட். அண்ணன் பேர்ல. உயில் இல்ல.

தொண்டிக்காற்று: இதை முதல்லயே சொல்லியிருக்கணும். வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 317: கிராண்ட் (அந்த அதிகார உத்தரவு) கிடைச்ச 6 மாசத்துல சொத்து, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் எல்லாம் எழுதின பட்டியல் தரணும். ஒரு வருஷத்துல வரவு செலவுக் கணக்கு. கோர்ட் கூடுதல் அவகாசம் தரலைன்னா பட்டியலுக்குக் கெடு 2 மாசம் முந்தியே முடிஞ்சுது. கெடு தாண்டினது மட்டுமே அவமதிப்பு ஆகாது. அதே கோர்ட்ல ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டு, தேதி குறிச்சு உத்தரவு வாங்குங்க. அதையும் வேணும்னே மீறினா குற்றம்: பழைய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) 176, இப்போ நியாய சன்ஹிதா 211. பொய்ப் பட்டியல்னா 229. வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 263-ல கிராண்டையே ரத்து செய்யக் கேட்கலாம்.

என் கணிப்புல இதைவிட அழுத்தம் தர்றது பாண்டு. சொத்தை ஒழுங்கா நிர்வகிப்பேன்னு அண்ணன் பிரிவு 291-ல ஜாமீன்தாரரோட கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த உறுதிப் பத்திரம் அது. கோர்ட் கோப்புல சான்று நகல் எடுங்க. 292-ல அதை உங்க பேருக்கு மாத்தி வாங்கினா ஜாமீன்தாரர் மேலயும் வழக்குப் போடலாம். சொந்தக்காரர் ஜாமீன் நின்னிருந்தா அவரே அண்ணனை நெருக்குவார்.

மண்டபம்_நங்கூரம்: விசைப்படகா, நாட்டுப்படகா? எதுவானாலும் பதிவு மீன்வளத்துறையில இருக்கும். சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 16 விதி 6-ல சம்மன் அனுப்பி பதிவேட்டையும் டீசல் மானிய விவரத்தையும் வரவழைங்க. விசைப்படகுன்னா ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், கரையிலதான் நிக்கும். கோர்ட் நியமிக்கிற கமிஷனர் வந்து இன்ஜின் நம்பர் குறிக்க அதுதான் சமயம். நிலத்துக்கு சர்வே நம்பர் வெச்சு வில்லங்கம் போடுங்க. ரிசர்வ் வங்கியோட உத்கம் தளத்துல 10 வருஷம் தொடாத கணக்குதான் தெரியும், நடப்பு டெபாசிட் வராது.

பாம்பன்_அலை: டெபாசிட்டுக்கு அண்ணன் நாமினின்னா பணம் அவருக்குத்தானே?

வழக்காடி: தப்பு. நாமினி வாங்கி வைக்கிறவர், வாரிசுகளுக்குப் பங்கு உண்டு. 1984-ல சர்பதி தேவி வழக்குல காப்பீட்டுக்கே உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லிச்சு.

பாம்பன்_அலை: 2015 திருத்தம் அதை மாத்திடுச்சே! மனைவி, பிள்ளை நாமினின்னா பணம் அவங்களுக்கே.

வழக்காடி: அது காப்பீட்டுச் சட்டத் திருத்தம். வங்கி டெபாசிட்டுக்கு இழுக்காதீங்க.

தொண்டிக்காற்று: ரெண்டு பேரும் தனி இழை தொடங்குங்க. உப்பூர், பாண்டு கிடைச்சுதா?

உப்பூர்_கரை: நகல் மனு போட்டாச்சு. ஜாமீன்தாரர் சித்தப்பாவாம். நன்றி.