பொருள்: ஹைட்ரஜன் ‘உறிஞ்சப்படுவது’ எங்கே?

குழுவினருக்கு வணக்கம்.

முதுநிலைப் பாடத்துக்காகக் கணினிவழிப் பொருளறிவியலில் ஹைட்ரஜன் சேமிப்பு இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை தரவேண்டும். பல்லேடியம் என்னும் உலோகத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறு மேற்பரப்பிலேயே அணுக்களாகப் பிரிந்து, படிகத்தின் இடைவெளிகளுக்குள் புகுகிறது. உலோக-கரிமக் கட்டமைப்புகளில் (உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் கோத்த நுண்துளைப் பொருள்கள்) மூலக்கூறு பிரியாமல் துளைச்சுவரில் தங்குகிறது. பழைய வரைவில் இரண்டுக்கும் ‘உறிஞ்சுதல்’தான். கணக்கிட்ட பிணைப்பாற்றல்களை அப்படியே ஒரே தலைப்பில் அடுக்கினால் அட்டவணைக்குப் பொருளே இராது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.
— ந.

ஐயா, இதற்கு இவ்வளவு தவிப்பு எதற்கு? இலங்கையில் நாங்கள் பள்ளியிலேயே படித்தவை அகத்துறிஞ்சல் (உள்ளே புகுவது), புறத்துறிஞ்சல் (பரப்பில் தங்குவது). அகம், அத்துச் சாரியை, உறிஞ்சல்: வழுவற்ற புணர்ச்சி. அகம் புறம் அறியாத தமிழ் மாணவர் உண்டா?
— சி.

சி. அவர்களே, அழகான இணைதான். ஆனால் துளைச்சுவர் பொருளுக்கு உள்ளே அல்லவா இருக்கிறது? இவ்வகைப் பொருள்களில் ஒரு கிராமுக்கு ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு கிடைப்பதே அந்த உட்சுவர்களால்தான். அதைப் ‘புறம்’ என்றால் மாணவர் தடுமாறுவார். தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள ‘பரப்புக்கவர்தல்’ போதும்.
— மீ.

‘கவர்தல்’ காரணத்தைச் சொல்கிறது, நிலையைச் சொல்லவில்லை. பக்கத்திலேயே மூலக்கூறுகளுக்கிடையிலான மெல்லிய வான்டெர்வால்ஸ் கவர்ச்சி விசையும் வரும், இரண்டும் கலந்துவிடும். என் முன்மொழிவு: மேற்பற்றல், உட்பற்றல். பொற்கொல்லர் இரண்டு துண்டுகளை இணைக்க வைப்பது பற்றாசு. அந்த ஆசுதான் யாப்பில் ஆசிடை நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லை இணைக்க வருகிறது. பரப்பில் அணு இணைவதற்கு இதைவிடப் பொருத்தமான வேர் தமிழில் இல்லை. இனி ஹைட்ரஜனை ‘நீர்வளி’ என்றும் எழுதினால் முழுமையாகும்.
— செ.

ஹைட்ரஜன் ‘பற்றுகிறது’ என்று படித்தவுடன் யாருக்கும் தீதான் நினைவுக்கு வரும். பாதுகாப்புக் குறிப்புகளும் இதே இயலில் உள்ளன. நீர்வளியை இப்போது விட்டுவிடுங்கள்.
— மீ.

அதற்காகத்தானே ‘மேல்’ என்ற முன்னொட்டு! ஆசு பற்றித் தனி மடல் அனுப்புகிறேன்.
— செ.

இரண்டு நாளாக மடல்கள் குவிகின்றன. பரப்புக்கவர்தல், உட்கவர்தல் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘கவர்தல்’. முதல் வருகையில் புறத்துறிஞ்சல், அகத்துறிஞ்சல் அடிக்குறிப்பில் வரும். மூவர் ஒப்புக்கொண்டார்கள்.
— ந.

அடிக்குறிப்பில் ஒதுக்கியதை நான் ஏற்கவில்லை. கவர்ந்த ஹைட்ரஜன் சூடேற்றும்போது வெளியேறுவதை என்னவென்று எழுதுவீர்கள்? ‘கவர்வு நீக்கம்’ என்றா?
— சி.

விடுபடல். பற்றியதுதான் விடுபடும்.
— செ.