கட்டர் ஹெட்டுக்கு முன்னால் நடந்தது: சுரங்க வேலைக்காரர்கள் எழுதுங்கள்

ஷிப்ட்_இன்சார்ஜ்:
சென்னை மெட்ரோவில் சுரங்கம் தோண்டும் மெஷின். அதன் முன்னால் சுழன்று வெட்டும் தலைதான் கட்டர் ஹெட். கீழ்ப்பாதி சார்னோகைட் என்ற கடினப் பாறை, மேலே களி. அதிலிருந்து கழற்றி வைத்த 17 இன்ச் டிஸ்க் (உருண்டு பாறையை உடைக்கும் சக்கரம்) ஒன்று இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வட்டமாகத் தேய வேண்டியது, ஒரு பக்கம் மட்டும் அரத்தால் ராவியது போலத் தட்டை. களிக்குள் போனதும் டிஸ்க் உருள உராய்வு போதாது. டிஸ்க் உட்காரும் ஹவுசிங்கில் களி அடைத்துக்கொண்டால் அப்படியே நின்றுவிடும், அடுத்த அரைச் சுற்றில் பாறை மேல் இழுபடும். அதன் சுமை பக்கத்து டிஸ்க்குக்கு ஏறும், பிறகு வரிசையாகப் போகும். த்ரஸ்ட் (மெஷினைத் தள்ளும் விசை) ஏறி, வேகம் குறைந்து, மக் (வெட்டிய மண்) சூடாக வந்தால் உடனே நிறுத்திப் பாருங்கள். கையால் வெட்டிய காலத்தில் முகப்பு, அதாவது வெட்டும் மண் சுவர், கண்ணெதிரே இருந்தது. அது பெரிய பலம்.

கொல்கத்தா_லைன்:
பலமா சார்? அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லுங்கள். பெல்கச்சியா–ஷியாம்பஜார் பகுதியை ஷீல்டு (ஆட்களைக் காக்கும் எஃகு உருளை) வைத்துத் தோண்டியபோது, தண்ணீரும் மண்ணும் உள்ளே வராமல் தடுக்கும் காற்றழுத்தத்துக்குள்தான் ஆட்கள் வேலை செய்தார்கள். வெளியே வரும்போது ஏர்லாக் அறையில் அழுத்தத்தை மெதுவாக இறக்காவிட்டால் மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகும். அதே ஊரில் 2017-ல் ஹூக்ளிக்கு அடியில் 520 மீட்டரை இபிபி மெஷின் (வெட்டிய மண்ணின் அழுத்தத்தாலேயே முகப்பைத் தாங்கும் மெஷின்) கடந்தது. அழுத்தம் கட்டர் ஹெட்டுக்குப் பின்னால் உள்ள சேம்பரில் மட்டும், ஆட்கள் சாதாரணக் காற்றில். டிஸ்க் மாற்ற, முகப்பைப் பார்க்க மட்டும்தான் அழுத்தத்துக்குள் ஆள் போக வேண்டும். இந்த மாற்றத்தைக் குறைத்துப் பேசாதீர்கள்.

க்ரவுட்_பிளான்ட்:
ரெண்டு பேரும் சொல்றது சரிதான். ஆனா முகப்பு தெரியாத இடத்துல கணக்குதான் கண்ணு, அதைச் சரியாப் பார்க்கணும். புதுசா வர்ற பசங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க. வெட்டு விட்டம் 6.6 மீட்டர், ரிங் (செக்மென்ட்ங்கிற கான்கிரீட் துண்டுகளைச் சேர்த்த வளையம்) அகலம் 1.4 மீட்டர்னு வச்சுக்குவோம். ஒரு ரிங்குக்கு மண்ணு 48 கன மீட்டர். அதை ரிங் முடிஞ்சப்புறம் பார்த்துப் பிரயோஜனமில்லை, அதிகமா எடுத்திருந்தா அதுக்குள்ள மேல தரையில பள்ளம் விழுந்திருக்கும். 200 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை பாருங்க, ஏழு கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவா வரணும். வெளிய போற மண்ணை எடை போடுற பெல்ட் ஸ்கேல்ல களி ஒட்டியிருந்தா எடை பொய் சொல்லும், ஷிப்டுக்கு ஒரு தடவை சீரோ பண்ணுங்க. மண்ணை இளக்க உள்ள விட்ட தண்ணி, ஃபோம் (நுரை) எடையைக் கழிங்க. சேம்பர்லேருந்து மண்ணை எடுக்கிற ஸ்க்ரூவோட சுற்றையும் சேர்த்துப் பாருங்க, ஒரே மீட்டரை நம்பாதீங்க.

அடுத்து செக்மென்ட்டுக்குப் பின்னால இருக்கிற இடைவெளி. செக்மென்ட் வெளிவிட்டம் 6.35 மீட்டர்னா ரிங்குக்கு மூன்றரை கன மீட்டர் க்ரவுட்டாவது (இடைவெளியை அடைக்கிற கலவை) போகணும், மண்ணுக்குள்ள கசியறது தனி. அழுத்தம் ஏறிடுச்சுன்னு பாதியில நிறுத்தறாங்க. அழுத்தம், அளவு ரெண்டும் சேரணும். லைன் அடைச்சிருந்தாலும் அழுத்தம் ஏறும்தானே? முன்னாடி சிமென்ட் மோர்ட்டார், இறுக மணிக்கணக்காகும், ரிங் மிதந்து மேல ஏறும். இப்ப ஏ, பி ரெண்டு திரவம். ஏ சிமென்ட் கலவை, பி சோடியம் சிலிகேட். ரெண்டும் கலந்த சில வினாடியில ஜெல்லி. அதனாலதான் ஒவ்வொரு ரிங்குக்கும் நாசிலைக் கழுவணும். டீக்குப் போயிட்டு வந்து கழுவலாம்னா, ட்ரில் போட்டுத்தான் எடுக்கணும்.

ஷிப்ட்_இன்சார்ஜ்:
காற்றழுத்த விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஸ்கேல் சீரோ பண்ணும்போது பெல்ட் காலியாக ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.