செம்புக் குழாய் சோதனையில் நசெல்ட் எண் குறைவாக வருகிறது, உதவுங்கள்

முதுநிலைத் திட்டத்துக்காகக் கல்லூரி ஆய்வகத்தில் வெப்பப் பரிமாற்றச் சோதனை செய்கிறேன். 12 மி.மீ. உள்விட்டம், 1 மீட்டர் நீளச் செம்புக் குழாய். மைக்கா டேப் மேல் நிக்ரோம் சூடேற்றுக் கம்பி சுற்றி 1000 வாட் கொடுக்கிறேன். தண்ணீர் நிமிடத்துக்கு 6 லிட்டர், ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்பதைக் காட்டும் எண்) 12,000 அளவில். குழாயில் கொந்தளிப்பான ஓட்டத்துக்கான டிட்டஸ்-போல்டர் சமன்பாட்டின்படி நசெல்ட் எண் (சுவரிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் எவ்வளவு நன்றாகக் கடக்கிறது என்பதைக் காட்டும் எண்) 85 வர வேண்டும். மூன்று வாரமாக 60-ஐத் தாண்டவில்லை.

தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டரை வாளியும் ஸ்டாப்வாட்சும் வைத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. வெப்பநிலை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள்களை ஐஸ் தண்ணீரிலும் கொதிநீரிலும் சோதித்தாயிற்று. வெப்பம் வெளியே போகாமலிருக்கக் கண்ணாடிக் கம்பளியையும் கூட்டினேன். அப்புறம்தான் கவனித்தேன், தெர்மோகப்பிள் முனைகள் நிக்ரோம் சுற்றுக்கு நேர் அடியிலேயே இருக்கின்றன. சுவருக்கும் தண்ணீருக்கும் 6 டிகிரி வித்தியாசம் வர வேண்டிய இடத்தில் 9 காட்டுகிறது; இந்த வித்தியாசம் கூடினால் கணக்கில் நசெல்ட் எண் குறையும்.

குழாய்ச் சுவரில் சிறு காடி வெட்டி முனைகளைப் பதித்துப் பற்றவைத்தால் இந்த 3 டிகிரி சரியாகுமா?