இட்லிப்பூ செடி கொழுந்தெல்லாம் மஞ்சளாவே வருது, என்ன பண்றது?

மொட்டைமாடி:
வேளச்சேரில காம்பவுண்டு சுவர் ஓரமா வேலி மாதிரி அடர்த்தியா வரட்டும்னு போன வருஷம் ஆறு இட்லிப்பூ வச்சேன், நர்சரில வாங்குறப்ப இலையெல்லாம் எண்ணெய் தடவுன மாதிரி கரும்பச்சையா பளபளன்னு இருந்துச்சு, இப்ப கொழுந்து மஞ்சளடிச்சு நரம்பு மட்டும் பச்சையா தெரியுது. சாணி எரு, புண்ணாக்கு, யூரியா எல்லாம் போட்டாச்சு. போர் தண்ணிதான் ஊத்துறேன். பூவும் அங்கொண்ணு இங்கொண்ணுதான். வெயில் காலைல பத்து மணி வரைக்கும்தான் விழும், அதுதான் காரணமா?

செம்மண்காரன்:
கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சைன்னா இரும்புச்சத்து குறை பாஸ். யூரியா பத்தலன்னா அடி இலைதான் மொதல்ல மஞ்சளாகும். மண்ணுல இரும்பு இருக்கும், ஆனா சுண்ணாம்பு தூக்கலா இருந்தா வேரால எடுக்க முடியாது. வீடு கட்டுனப்ப கொட்டுன சிமெண்ட் எல்லாம் சுவர் ஓரத்துலதான் புதைஞ்சு கெடக்கும், அதுக்கு மேல போர் தண்ணி வேற. இட்லிப்பூவுக்கு லேசா புளிப்பு மண்ணு வேணும், பிஹெச் (மண்ணோட புளிப்பு-கார அளவு) 6 பக்கம். ஒரு புடி மண்ணுல வினிகர் ஊத்திப் பாருங்க, நுரைச்சா சுண்ணாம்புதான்.

பூச்சட்டி அக்கா:
வெயிலும் பத்தல தம்பி, அஞ்சாறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும், இல்லன்னா இலைதான் மிச்சம். பூக்குறது கிளை நுனில, அதனால வேலின்னு சொல்லி அடிக்கடி மட்டமா வெட்டுனா மொட்டும் போயிடும். இப்போதைக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் கலந்து சாயங்காலமா இலைல அடிங்க, மல்லிக்கும் அதே அளவுதான். தரைல படாம பாத்துக்கோங்க, எங்க போர்டிகோ டைல்ஸ்ல துருக்கறை இன்னும் இருக்கு, எங்க வீட்டுக்காரர் வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் காட்டுறார் 😄

செம்மண்காரன்:
அக்கா சொன்னது சரி, ஆனா மண்ண மாத்தாம அத மட்டும் அடிச்சிட்டே இருந்தா அடுத்த கொழுந்து திரும்ப மஞ்சளாத்தான் வரும். மண்ணுல போட இரும்பு செலேட் (வேர் எடுத்துக்குற மாதிரி கட்டி வச்ச இரும்பு உரம்) வாங்குனா இடிடிஏ (EDTA) வேணாம், சுண்ணாம்பு மண்ணுல நிக்காது, இடிடிஹெச்ஏ (EDDHA) கேளுங்க. பேரு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க.

மொட்டைமாடி:
வினிகர் ஊத்துனேன், சோடா மாதிரி பொங்குச்சு! தோண்டுனா ஒரு அடிக்குள்ளயே சிமெண்ட் கட்டி. ரெண்டு செடிய மட்டும் கேட் பக்கம் மாத்தலாம்னு இருக்கேன், அங்க மதியம் வரைக்கும் வெயில். செம்மண்ணு, மக்குன எரு, கொஞ்சம் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போதுமா?

பூச்சட்டி அக்கா:
போதும். ஆனா ஐப்பசி மழைல அங்க தண்ணி தேங்குமான்னு பாத்துட்டு நடு, தேங்குனா வேர் அழுகிடும். மாடித் தண்ணிய ஒரு டிரம்ல புடிச்சு வச்சுக்கோ, போர் தண்ணிக்குப் பதிலா அத ஊத்து.