மூணு பழைய சர்வர், ரெண்டு இடம்: எஸ்3 மாதிரி ஸ்டோரேஜ் எதுல போடலாம்?

மணலி_ரோடு:

வணக்கம் மக்களே. நம்ம ஆபீஸ் தண்டையார்பேட்டை, வேலை கன்டெய்னர் சர்வே. யார்டுல பொட்டி எறங்குனா பசங்க போய் சீல், கதவு, உள்ள தரை, அடிபட்ட இடம்னு எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து அனுப்புவாங்க, நாளைக்கு க்ளெய்ம்னு ஒருத்தன் வந்தா அந்த போட்டோதான் நமக்கு சாட்சி. இவ்ளோ நாள் ஒரே ஒரு நாஸ்ல (நெட்வொர்க்ல மாட்டற ஸ்டோரேஜ்) ஓட்டிட்டு இருந்தோம், 8 டிபி கிட்ட ஆயிடுச்சு, இடமும் இல்ல, உள்ள ஒரு டிஸ்க் டக்கு டக்குனு சத்தம் வேற குடுக்குது.

முதலாளி எங்கயோ ஆபீஸ் காலி பண்றாங்கன்னு மூணு பழைய ரேக் சர்வர் வாங்கி எறக்கிட்டாரு. ஒவ்வொண்ணுலயும் 32 ஜிபி ராம், 4 டிபி டிஸ்க் நாலு, சின்ன எஸ்எஸ்டி ஒண்ணு. "மூணையும் ஒண்ணா சேத்துடு, ஒண்ணு படுத்தாலும் வேலை நிக்கக் கூடாது, ஒண்ண மணலி யார்டு ரூம்ல வை, இங்க தண்ணி வந்தா அங்க இருக்கட்டும்"னு சொல்லிட்டு போயிட்டாரு. ரெண்டு இடத்துலயும் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கு. போன் ஆப் எழுதிக் குடுக்கற பையன் எஸ்3 (அமேசானோட ஆன்லைன் ஃபைல் ஸ்டோரேஜ்) மாதிரி ஏபிஐ, அதாவது ஆப் ஃபைல் போட்டு எடுக்கற வழி, இருந்தா போதும்னு சொல்றான்.

நான் மினியோ (எஸ்3 மாதிரி ஸ்டோரேஜ் குடுக்கற சாஃப்ட்வேர்) போடலாம்னு பாத்தேன், ஒருத்தர் வேணாம்னாரு, இன்னொருத்தர் பல சர்வரோட டிஸ்க்க ஒண்ணா சேக்கற செஃப்தான் பெஸ்ட்னாரு. சர்வர்ல ரெய்டு கார்டு (பல டிஸ்க்க ஒண்ணா சேத்து காட்டறது) வேற இருக்கு, அதுல ரெய்டு போட்டு மேல இத போடணுமா இல்ல நேரா டிஸ்க்க குடுக்கணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

லோகோ_ஒர்க்ஸ்:

தம்பி, மினியோவ புதுசா ஆரம்பிக்காதீங்க. சாஃப்ட்வேர் நல்லாதான் இருந்துச்சு, ஆனா 2025ல ஃப்ரீ வெர்ஷன் கன்சோல்ல இருந்த அட்மின் வசதிய எல்லாம் எடுத்துட்டாங்க, அதே வருஷம் அக்டோபர்ல டாக்கர் இமேஜ் (ரெடியா ஓட்டற பேக்கேஜ்) போடறதயும் நிறுத்திட்டாங்க, வேணும்னா சோர்ஸ எடுத்து நாமளே பில்ட் பண்ணிக்கணும். ஏற்கனவே ஓட்டிட்டு இருக்கறவங்க என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கட்டும், உங்களுக்கு அந்த தலைவலி எதுக்கு.

உங்க கேஸ்ல எல்லாத்தையும் முடிவு பண்றது அந்த மணலி மெஷின்தான். மூணும் ஒரே ரூம்ல ஒரே சுவிட்ச்ல இருந்தா எத வேணா போடலாம். செஃப்ல ஒரு ஃபைல் எழுதுனா அதோட எல்லா காப்பியும் டிஸ்க்ல ஏறினப்புறம்தான் "ஆச்சு"ன்னு பதில் வரும், அப்படின்னா தண்டையார்பேட்டைல உக்காந்து போடற ஒவ்வொரு போட்டோவும் மணலி போய் வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கும். ஃபைபர் லைன் ஆடுற அன்னிக்கு மொத்த க்ளஸ்டரும் ஆடும்.

அதனால நான் கராஜ் (இதுவும் எஸ்3 ஏபிஐ குடுக்கற ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர்) தான் சொல்வேன். பிரான்ஸ்ல ஒரு சின்ன குழு ரஸ்ட் மொழில எழுதினது, இந்த மாதிரி ஊருக்கு ஒரு பழைய மெஷின் வச்சுட்டு சாதா இன்டர்நெட்ல சேத்து ஓட்டணும்னே பண்ணது. ரெப்ளிகேஷன் 3 குடுத்தா மூணு மெஷின்லயும் ஒரு ஒரு காப்பி இருக்கும். எழுதறப்ப மூணுல ரெண்டு ஓகே சொன்னா போதும், மூணாவது பின்னாடியே வந்து சேந்துக்கும். உங்க ஆபீஸ்ல ரெண்டு இருக்கறதால எழுதறது லோக்கல் வேகத்துலயே முடிஞ்சுடும். மூணு மெஷினுக்கும் தனித்தனி ஜோன் (இடம்) பேரு குடுத்துடுங்க.

கணக்கு: மொத்தம் 48 டிபி, மூணு காப்பி, கைல நிக்கறது 16. எரேஷர் கோடிங் (முழு காப்பி வைக்காம இடத்த மிச்சம் பண்ற வழி) எல்லாம் இதுல கிடையாது, அதனால இத விட அதிகம் எதிர்பாக்காதீங்க. அப்புறம் மூணு ஜோன்ல எது சின்னதோ அதுதான் அளவு, நாளைக்கு ஒரு மெஷின்ல மட்டும் பெரிய டிஸ்க் வாங்கி போட்டு இடம் கூடலயேன்னு முதலாளி கேப்பாரு, இப்பவே சொல்லி வச்சுடுங்க.

ரெய்டு வேணாம். டிஸ்க் ஒவ்வொண்ணையும் தனியா எக்ஸ்எஃப்எஸ் ஃபார்மட் பண்ணி நாலையும் டேட்டா டைரக்டரி லிஸ்ட்ல குடுங்க, மெட்டாடேட்டாவ (எந்த ஃபைல் எங்க இருக்குன்ற குறிப்பு) மட்டும் எஸ்எஸ்டில வைங்க. முக்கியமான ஒண்ணு: மெட்டாடேட்டாவுக்கு எல்எம்டிபின்ற டேட்டாபேஸ யூஸ் பண்ணா கரன்ட் பட்டுனு போறப்ப அது கெட்டுப் போக சான்ஸ் இருக்கு. கான்ஃபிக்ல ஆட்டோ ஸ்னாப்ஷாட் இன்டர்வல்னு (எவ்ளோ நேரத்துக்கு ஒருக்கா மெட்டாடேட்டாவ காப்பி எடுக்கணும்னு) ஒண்ணு இருக்கு, அத 6 மணி நேரம்னு போட்டுடுங்க, கெட்டாலும் பழைய ஸ்னாப்ஷாட்ட வச்சு எழுப்பி மீதிய மத்த ரெண்டு மெஷின் கிட்ட இருந்து வாங்கிக்கலாம். எஃப்சிங்க் (எழுதினத உடனே டிஸ்க்ல ஏத்திடறது) டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், மெட்டாடேட்டாவுக்காவது ஆன் பண்ணிடுங்க, உங்க லோடுக்கு அந்த ஸ்லோ தெரியவே தெரியாது.

மணலி மெஷின இப்பவே தூக்கிட்டு போயிடாதீங்க. 100 எம்பிபிஎஸ் முழுசா கெடச்சாலும் ஒரு நாளைக்கு 1 டிபி தான் போகும், 8 டிபின்னா ஒரு வாரத்துக்கு மேல லைன் ரொம்பி உக்காந்துடும். மூணையும் ஆபீஸ்ல ஒரே சுவிட்ச்ல போட்டு பழைய டேட்டாவ ஆர்க்ளோன்ல (ஃபைல் காப்பி பண்ற டூல்) ஏத்தி முடிச்சுட்டு அப்புறம் வண்டில ஏத்துங்க. ஐபி மாறும், அதனால முதல்லயே ஒயர்கார்டு விபிஎன் போட்டு அந்த ஐபிலயே எல்லாத்தையும் செட் பண்ணிடுங்க.

வியாசை_நெட்:

அக்கா சொல்றது ரெண்டு இடத்துக்கு சரி, ஒத்துக்கறேன். ஆனா செஃப்னா எல்லாரும் ஏன் பேய பாத்த மாதிரி ஓடறீங்கன்னுதான் தெரியல. 2020ல ஆக்டோபஸ் வெர்ஷன்ல செஃப்ஏடிஎம்ன்ற இன்ஸ்டால் டூல் வந்தப்புறம் இன்ஸ்டால் எல்லாம் பெரிய விஷயமே இல்ல. டிஸ்க் செத்தா தானா பாத்து தானா சரி பண்றது, வாரத்துக்கு ஒருக்கா டீப் ஸ்க்ரப் பண்ணி ஒவ்வொரு பைட்டயும் ஒத்துப் பாக்கறது, இதுல எல்லாம் அதுக்கு நிகர் இல்ல.

ஆனா 3 மெஷின்ல போடறவங்க ஒண்ண புரிஞ்சுக்கணும். சைஸ் 3 (மொத்த காப்பி), மின் சைஸ் 2 (வேலை நடக்க குறைஞ்சது இருக்க வேண்டிய காப்பி)ன்னு வச்சா ஒரு மெஷின் போனா வேலை நடக்கும், ஆனா மூணாவது காப்பி போக வேற இடம் இல்ல, அந்த மெஷின் திரும்பி வர்ற வரைக்கும் நொண்டிட்டேதான் ஓடும். நாலாவது மெஷின் இருந்தாதான் செஃப்போட அழகே தெரியும். ராமும் பாத்துக்கோங்க, ஒரு டிஸ்க்குக்கு டீஃபால்ட்டா 4 ஜிபி டார்கெட், நாலு டிஸ்க்குக்கு 16 அங்கயே போச்சு, மேல செஃப்போட மானிட்டர், கேட்வே சர்வீஸ் எல்லாம் இருக்கு, 32ல ஓடும் ஆனா கை கட்டி இருக்கும்.

எல்லாத்தையும் ஒரே இடத்துக்கு கொண்டு வந்து நாலாவது ஒண்ணும் வாங்குனா சொல்லுங்க, அப்ப வரேன். அது வரைக்கும் இந்த வேலைக்கு கராஜே போதும்.

லோகோ_ஒர்க்ஸ்:

@வியாசை_நெட் பேய் எல்லாம் இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற பிஜி (செஃப் டேட்டாவ பிரிச்சு வைக்கற குரூப்) வார்னிங்க படிச்சு புரிஞ்சுக்க ஆபீஸ்ல ஒரு ஆள் வேணும், இங்க தம்பி ஒருத்தர்தான் பிரின்டரும் பாக்கறாரு சர்வரும் பாக்கறாரு.

காசிமேட்டு_ரூட்டு:

அக்காவும் அண்ணனும் சாஃப்ட்வேர் பேசி முட்ச்சிட்டாங்க, நான் இரும்ப பத்தி சொல்றேன் கேட்டுக்க தல. நான் ஹார்பர் பக்கத்துல ஐஸ் கம்பெனிங்களுக்கு கம்ப்யூட்டர் பாத்துகினு கீறேன், இங்க கடல் காத்துல தாமிரம் எல்லாம் பச்ச பூத்துடும்.

மொதல்ல அந்த ரெய்டு கார்டு. ஐடி மோட் மாத்த முடிஞ்சா மாத்து, இல்ல ஹெச்பிஏ மோட் இருந்தா அத்த போடு, ரெண்டுமே டிஸ்க்க ரெய்டு இல்லாம நேரா காட்டறதுதான். ரெண்டும் இல்லாட்டி ஒவ்வொரு டிஸ்க்கையும் தனி ரெய்டு 0வா காட்டலாம், ஆனா அப்டி பண்ணா ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் தானே சொல்ற ஹெல்த் கணக்கு) எடுக்க கஷ்டப்படுவ. பழைய கார்டுல கேஷ் பேட்டரி உப்பி கீதான்னு பாரு, உப்பி இருந்தா கய்ட்டி போட்டுடு.

அப்பறம் டிஸ்க்கு. செகண்ட் ஹேண்ட் தானே, ஏத்தறதுக்கு முன்னாடி பன்னண்டுக்கும் ஸ்மார்ட்ட ஓட்டி பாரு. 5, 197, 198 (கெட்டுப் போன செக்டர் கணக்கு) இந்த மூணு நம்பர்ல எதுனா சைபருக்கு மேல இருந்தா அந்த டிஸ்க்க சேக்காத, முதலாளி திட்டுனாலும் சரி. 199 (டேட்டா போற வழில வந்த எரர் கணக்கு) ஏறிகினே இருந்தா டிஸ்க் மேல பழி போடாத, அது கேபிள் இல்லாட்டி பேக்ப்ளேன் (டிஸ்க்க சொருகற போர்டு) கான்டாக்ட். ஒரு எடத்துல நல்ல டிஸ்க்க மாத்தி மாத்தி போட்டுகினே இருந்தானுங்க, நான் போய் பேக்ப்ளேன கய்ட்டி பாத்தா பின்னுல எல்லாம் உப்பு பூத்து கீது, கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு தொடச்சு போட்டேன், 199 அதோட நின்னுடுச்சு.

சர்வருங்க பழசுன்ற, அப்ப மதர்போர்டுல கீற சிஆர்2032 பேட்டரி மூணையும் மாத்திடு, பெரிய செலவு ஆவாது. கரன்ட் போய் வந்தா டைம் எங்கயோ போய் நிக்கும், கராஜ்ல ரெண்டு பேரு ஒரே ஃபைல எழுதுனா எதோட டைம் புதுசோ அதுதான் ஜெயிக்கும், கடிகாரம் தப்பா இருந்தா பழசு புதுச அடிச்சுட சான்ஸ் கீது. க்ரோனி (நெட்ல பாத்து டைம் சரி பண்ற சாஃப்ட்வேர்) போட்டு மூணும் ஒரே டைம் காட்டுதான்னு பாத்துட்டு அப்பறமா கராஜ ஸ்டார்ட் பண்ணு.

வூட்டு இன்வெர்டர்ல சர்வர மாட்டிடாத. மாட்டியே ஆவணும்னா பின்னாடி யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கும், அத்த போடு, நார்மல் மோட்ல மாற்ற நேரத்துக்குள்ள சர்வர் ஆஃப் ஆயி ஆன் ஆவும். ஆன்லைன் யூபிஎஸ்னா உத்தமம், ஆனா பேட்டரிய ஏசி இல்லாத ரூம்ல வச்சா கத்திரி வெயில்ல சீக்கிரம் செத்துடும், 10 டிகிரி ஏறுனா ஆயுசு பாதி.

கடைசியா, ஆபீஸ் எந்த மாடி? கீழ் வீடுன்னா மாடிக்கு ஏத்து. 2015 வெள்ளம் பாத்துட்டோம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல எண்ணூர் பக்கம் தண்ணியோட எண்ணெயும் சேந்து வந்துச்சு. மணலியும் தண்ணி நிக்கற ஏரியாதான், அங்க வக்கறது பத்திரம்னு உன் முதலாளி எத்த வச்சு சொல்றாரு? மழையில ரெண்டு எடமும் ஒண்ணா முழுகும். யார்டு ரூம்லயும் செவுத்துல ஆங்கிள் அடிச்சு மேல வையி.

லோகோ_ஒர்க்ஸ்:

காசிமேட்டு அண்ணன் சொன்ன கடைசி பாயின்ட்டுக்காகவே இதயும் சேத்து சொல்லிடறேன். மூணு காப்பி இருக்குன்னு பேக்அப்ப விட்டுடாதீங்க. யாராவது ஒரு ஃபோல்டர தப்பா அழிச்சா மூணு இடத்துலயும் ஒரே செகண்டுல அழியும், கராஜ்ல வெர்ஷனிங்கும் (பழசயும் வச்சுக்கறது) இல்ல, ஆப்ஜெக்ட் லாக்கும் (அழிக்க விடாம பூட்டறது) இல்ல. சாட்சிக்கு வக்கற போட்டோவுக்கு இது பெரிய ஓட்டை.

படிக்க மட்டும் உரிமை குடுத்து தனி கீ ஒண்ணு போடுங்க. ஆபீஸ்ல எந்த பிசிக்கும் தெரியாத ஒரு மெஷின் அந்த கீய வச்சு ராத்திரி வந்து இழுத்துட்டு போகட்டும். ஆர்க்ளோன் சிங்க் குடுத்தா அங்க அழிஞ்சது இங்கயும் அழியும், அதனால பேக்அப் டிர் ஆப்ஷன் கண்டிப்பா சேருங்க, அதுல தேதி போட்ட ஃபோல்டர் பேர குடுத்தா அழிஞ்சது அங்க போய் உக்காரும். ஆப்புக்கு குடுக்கற கீல எழுதற உரிமை இருந்தா அழிக்கற உரிமையும் சேந்தே வரும், அதனால அந்த கீய போன்ல வைக்காம சர்வர்ல வச்சு ப்ரீசைன்டு யூஆர்எல் (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லுபடி ஆகற லிங்க்) மட்டும் போனுக்கு குடுக்கச் சொல்லுங்க பையன் கிட்ட.

ஃபைல் பேரும் இப்பவே யோசிச்சுடுங்க. சாதா எஸ்3ல ரீநேம் கிடையாது, காப்பி பண்ணி பழச அழிக்கறதுதான். வருஷம், மாசம், கன்டெய்னர் நம்பர்னு வரிசையா வச்சா தேடவும் ஈசி, பழைய மாசத்த மட்டும் தனியா எடுக்கவும் ஈசி.

மணலி_ரோடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆபீஸ் கீழதான் இருந்துச்சு, ரேக்க மாடிக்கு ஏத்தியாச்சு. டிஸ்க்ல ரெண்டு 197ல மாட்டுச்சு, வேற வாங்கிட்டோம். கராஜ் போட்டு மூணையும் ஆபீஸ்லயே சேத்தாச்சு, ஸ்டேட்டஸ்ல மூணும் ஹெல்த்தி காட்டுது, பழைய டேட்டா ஏறிட்டு இருக்கு.

ஆனா ஆப்ல இருந்து டெஸ்ட் பண்ணா குட்டி தம்ப்நெயில் எல்லாம் போகுது, பெரிய போட்டோ போட்டா 413ன்னு எரர். கராஜுக்கு முன்னாடி என்ஜின்எக்ஸ் (வர்றத வாங்கி உள்ள அனுப்பற வெப் சர்வர்) வச்சிருக்கேன். கராஜ் லாக்ல ஒண்ணுமே வரல. இன்னொரு டவுட்டு, மணலில லைன் கட் ஆனா அங்க இருக்கற பசங்க அந்த மெஷின்லயே போட்டுக்கலாம்ல? லைன் வந்தப்புறம் அது சேந்துக்கும்னு முதலாளிக்கு சொல்லிட்டேன்.

வியாசை_நெட்:

413 என்ஜின்எக்ஸே திருப்பி அனுப்பறது, கராஜ் வரைக்கும் போகவே இல்ல. க்ளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் டீஃபால்ட் 1 எம்பி, அதுக்கு மேல வந்தா வாசல்லயே நிறுத்திடும். 0ன்னு போட்டா லிமிட் இல்ல, இல்லன்னா 100 எம்பின்னு வைங்க. கூடவே ஹோஸ்ட் ஹெடர அப்படியே பின்னாடி அனுப்பறீங்களான்னு பாருங்க, அது மாறுனா அடுத்து சிக்னேச்சர் தப்புன்னு வந்து நிப்பீங்க. ஆப்ல ரீஜன் பேரு கராஜ் கான்ஃபிக்ல இருக்கறதேதான் (வழக்கமா "garage") இருக்கணும், அது ஒத்துப் போகாம அமேசான் ரீஜன் பேர வச்சா அதுக்கும் எரர்.

லோகோ_ஒர்க்ஸ்:

ரெண்டாவது கேள்விக்கு பதில் முடியாதுன்றதுதான், முதலாளி கிட்ட இன்னிக்கே திருத்தி சொல்லிடுங்க. லைன் கட் ஆனா மணலி மெஷின் மூணுல ஒண்ணா தனியா நிக்கும், ரெண்டு ஓட்டு கெடைக்காம அது எழுதவும் விடாது, படிக்கவும் குடுக்காது. அந்த நேரத்துல தண்டையார்பேட்டை ரெண்டும் சேந்து ஜோரா ஓடும், மணலி பசங்களுக்கு மட்டும் ஒண்ணும் நடக்காது. கன்சிஸ்டன்சி மோட (எத்தன மெஷின் ஓகே சொல்லணும்ன்ற செட்டிங்) மாத்தி இத தளர்த்தலாம், ஆனா சாட்சி போட்டோவுக்கு அத தொடாதீங்க.

அதுக்கு வழி ஆப்ல இருக்கு. போட்டோ எடுத்த உடனே போன்லயே வச்சுக்கணும், அப்லோட் ஓகேன்னு பதில் வந்தப்புறம்தான் போன்ல இருந்து அழியணும், அது வரைக்கும் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டே இருக்கணும். லைன் இல்லன்னா போன் அதோட 4ஜிலயே நேரா ஆபீஸுக்கு அனுப்பட்டும். பையன் கிட்ட இத எழுதி வாங்கிட்டு அப்புறமா மெஷின வண்டில ஏத்துங்க. அப்டேட் போடறப்பவும் இதே கணக்குதான், ஒண்ண ரீஸ்டார்ட் பண்ணி ஹெல்த்தின்னு வந்து, ஸ்டாட்ஸ்ல ரீசிங்க் க்யூ (இன்னும் சேராம பாக்கி இருக்கறது) சைபர் ஆனப்புறம்தான் அடுத்தத தொடணும்.